பத்தாயிரம் டொலருக்கு எந்த ஸ்லெட் வாங்கலாம்?

கேள்வி இதுதான்: "ரொறன்ரோ பக்கத்து ஏஜாக்ஸில் இருக்கிறேன். போன பெப்ரவரியில் ஹாலிபேட்டனில் நண்பர் ஒருவரின் கொட்டேஜுக்குப் போனபோது முதல்முறையாக ஸ்னோமொபைல், அதாவது பனியில் ஓடும் ஸ்லெட் வண்டி, ஓட்டினேன். அன்றிலிருந்து அதே நினைப்புத்தான். கையில் பத்தாயிரம் டொலர் இருக்கிறது. 850 சிசி எஞ்சினோடு பழைய மலை ஸ்லெட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? எங்கே போய் ஓட்டுவது? மின்சார ஸ்லெட் மலிவாகும்வரை பொறுக்கவா? பனியே இல்லாமல் போகிறது, இந்த விளையாட்டுக்கு இன்னும் பத்து வருடம்தான் என்று மனைவி சொல்கிறார்."

தம்பி, அந்த மலை ஸ்லெட்டை வாங்காதீர்கள். அதே பிழையை நான் செய்திருக்கிறேன், காசும் போயிருக்கிறது.

என் முதல் ஸ்லெட்டின் டிராக், அதாவது சக்கரத்துக்குப் பதிலாகச் சுழலும் ரப்பர் பட்டை, 154 அங்குல நீளம். அதன் அடியில் இருக்கும் ரப்பர் பற்கள் இரண்டரை அங்குல உயரம். "இடுப்பளவு பனியிலும் போகும்" என்றார் விற்றவர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்ராறியோவில் இடுப்பளவு பனியில் எங்கே ஓட்டப் போகிறோம்? நாங்கள் ஓட்டுவது அமுக்கிச் சீராக்கிய டிரெயிலில். மார்ச் தொடக்கத்தில் நல்ல வெயில் நாள் ஒன்றில், லின்ட்ஸேயிலிருந்து கின்மவுண்ட் பக்கம் போகும், தண்டவாளம் கழற்றிய பழைய ரயில் பாதையில் இறங்கினேன். முதல் நாள் உருகி இரவில் உறைந்திருந்ததால் பாதை சிமெந்துத் தரை மாதிரி இருந்தது. இருபது நிமிடத்தில் சூட்டு விளக்கு எரிந்தது. கூடவே பிளாஸ்டிக் கருகும் மணம்.

நடந்தது என்னவென்று பிறகுதான் விளங்கியது. கார் எஞ்சினைக் குளிர வைக்க முன்னால் ரேடியேட்டரும் காற்றும் இருக்கின்றன. பெரும்பாலான ஸ்லெட்டுகளில் அந்த வேலையைப் பனிதான் செய்கிறது. டிராக் சுழலும்போது அள்ளி எறியும் பனித்தூள் இருக்கைக்குக் கீழுள்ள உலோகத் தகட்டில் பட்டு, அதற்குள் ஓடும் கூலண்டைக் குளிர்விக்கிறது. டிராக் வழுக்கி ஓடும், வண்டியிலேயே உள்ள தண்டவாளம் போன்ற சட்டத்தின் அடியில் ஹைஃபாக்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் பட்டி இருக்கிறது. அதற்கு எண்ணெய் மாதிரி இருப்பதும் அதே பனித்தூள்தான். பாதை கட்டிப் பனியாக இருந்தால் தூள் கிளம்பாது. எஞ்சின் கொதிக்கும், பட்டி உருகும். இதற்கு ஐஸ் ஸ்க்ராச்சர் என்று ஒரு கம்பிச் சுருள் விற்கிறார்கள். பின்னால் இழுபட்டுக்கொண்டே வந்து பனிக்கட்டியைச் சுரண்டித் தூள் கிளப்பும். நூறு டொலர் அளவில் முடிகிற விஷயம். என் ஸ்லெட்டில் அது இல்லை. இருந்திருந்தாலும் அந்த உயரமான பற்கள் ரொக்கீஸ் மலையின் மாவுப் பனிக்காகச் செய்தவை. கட்டித் தரையில் மடிந்து, சூடேறி, கிழிய ஆரம்பிக்கும். அடுத்த வருடம் வாங்கிய விலையில் பாதிக்கு விற்றேன்.

ஆகவே எஞ்சினைப் பார்க்கும் முன் டிராக்கைப் பாருங்கள். டிரெயிலில் மட்டும் ஓடுவதற்கு 129 அல்லது 137 அங்குல நீளம், 15 அங்குல அகலம், ஒன்றிலிருந்து ஒன்றேகால் அங்குலப் பற்கள். கொட்டேஜ் பக்கத்துக் காட்டுக்குள்ளும் கொஞ்சம் இறங்கிப் பார்க்க ஆசை என்றால் 146, ஒன்றரை அங்குலம். அதற்கு மேல் போகத் தேவையில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளுக்குப் போகிறவர்கள் 154, 165 என்று வாங்குவார்கள். ஆனால் அங்கே ஸ்லெட்டோடு பனிச்சரிவுப் பயிற்சி, மண்வெட்டி, புதைந்தவரைத் தேடும் டிரான்சீவர் எல்லாம் வேண்டும். அது வேறு விளையாட்டு.

இனி எஞ்சின். ஒன்ராறியோ டிரெயிலில் சட்டப்படி உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர், கியூபெக்கில் 70. எல்லோரும் 50இல்தான் போகிறார்கள் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். என்றாலும் 165 குதிரைசக்தி தரும் 850 உங்களுக்கு முதல் வருடம் எதற்கு? 125 குதிரைசக்தி உள்ள 600 டூ-ஸ்ட்ரோக்கே முதல் நாள் கையை நடுங்க வைக்கும். 850, நூறு கிலோமீற்றருக்குப் பதினைந்து லீற்றர் பெற்றோலைச் சாதாரணமாகக் குடிக்கும், அதோடு எண்ணெயும். ஃபோர்-ஸ்ட்ரோக் பாரம் கூடியது, புதைந்தால் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆனால் சத்தம் குறைவு, புகை மணம் இல்லை, பெற்றோலும் குறைவு, பல வருடம் உழைக்கும். ஸ்கிடூ என்ற பிராண்டின் பழைய வண்டி ஒன்றில் 600 ஏஸ் என்ற ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் கிடைத்தால் அதை நான் துணிந்து சொல்வேன். ஏறத்தாழ 60 குதிரைசக்திதான், பெடியங்கள் கேலி செய்வார்கள். அவர்கள் பெற்றோல் நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது நீங்கள் கடந்து போவீர்கள்.

பழையது வாங்கப் போகும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். டூ-ஸ்ட்ரோக் என்றால் கம்பிரஷனை, அதாவது சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை, அளந்து காட்டச் சொல்லுங்கள், தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். நீங்கள் போகும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியாக இருக்கலாம். ஆறியபின் இன்னொரு முறை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். டிராக்கில் பற்கள் உதிர்ந்திருக்கிறதா, உள்ளே இருக்கும் சின்னச் சக்கரங்களின் பேரிங் ஆடுகிறதா என்று பாருங்கள். வண்டியின் மேல் யாருக்காவது கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் தேடிப் பாருங்கள்.

பத்தாயிரத்தையும் ஸ்லெட்டில் போட்டுவிடாதீர்கள். ஆறரை, ஏழாயிரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இழுத்துப் போக டிரெயிலர், காப்புறுதி, பதிவு, டிரெயிலில் ஓட்டச் சில நூறு டொலருக்கு சீசன் பெர்மிட் எல்லாம் மிச்சத்தில்தான் வர வேண்டும். உடுப்பு என்றால் தண்ணீரில் மிதக்க உதவும் வகை சூட் ஒன்றை வாங்குங்கள். உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. ஹெல்மெட்டில் முன்கண்ணாடி மின்சாரத்தில் சூடாகும் வகையாகப் பாருங்கள். சைபருக்குக் கீழே இருபதில் உங்கள் சொந்த மூச்சே கண்ணாடியில் உறைந்து பாதையை மறைக்கும். அப்புறம் ஒரு உபரி பெல்ட். ஸ்கூட்டரில் இருப்பதுபோல இதிலும் கியர் கிடையாது, பெல்ட்தான் சக்தியைக் கடத்துகிறது, அது அறுந்தால் வண்டி அங்கேயே நிற்கும். மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை வீட்டுக் கராஜில் பழகுங்கள், இரவு எட்டு மணிக்குக் காட்டுக்குள் கையுறையோடு பழகாதீர்கள்.

பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் விழுந்தால் குத்திப் பிடித்து ஏற உதவும், கழுத்தில் மாட்டும் ஐஸ் பிக் இரண்டு வாங்குங்கள். விலை அற்பம். 2020 ஜனவரியில் கியூபெக்கின் லாக் செயின்ட் ஜோனில் பிரெஞ்சு உல்லாசப் பயணிகள் குழு ஒன்று இரவில் ஏரியில் மூழ்கியது. ஐந்து பயணிகளும் அவர்களைக் கூட்டிப்போன வழிகாட்டியும் இறந்தார்கள். ஸ்லெட் போவதற்கு 25 சென்ரிமீற்றர் தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்பது கனடியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கு. ஆனால் ஏரி முழுவதும் ஒரே தடிப்பில் இருக்காது. இரண்டு ஏரிகள் சந்திக்கும் ஒடுக்கம், ஆறு வந்து விழும் இடம், பாலத்தின் அடி, இங்கெல்லாம் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், மேலே படலம் மெல்லியதாக இருக்கும். முதல் சீசனில் ஸ்னோமொபைல் கிளப்புக்காரர் கம்பு நட்டு அடையாளமிட்ட பாதையைத் தவிர ஏரிப் பக்கமே போகாதீர்கள். பியர் குடித்துவிட்டும் போகாதீர்கள், காருக்கு உள்ள அதே சட்டம்தான் இதற்கும்.

எங்கே ஓட்டுவது என்று கேட்டீர்கள். அதற்கு முன் அந்த டிரெயில் யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கிளப்புகளின் கூட்டமைப்பின் கீழ் ஏறத்தாழ 30,000 கிலோமீற்றர் டிரெயில் இருக்கிறது. கியூபெக்கில் அதைவிடக் கொஞ்சம் கூட. ஏதோ அரசாங்கம் போட்டுக் கொடுத்த வீதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தெற்கு ஒன்ராறியோவில் அதில் பெரும் பங்கு தனியார் காணி. விவசாயிகள் தங்கள் வயலின் ஓரத்தால் குளிர்காலத்தில் மட்டும் போக விடுகிறார்கள். பெரும்பாலும் வாடகை இல்லை, வருடா வருடம் கிளப்புக்காரர் போய்க் கதைத்து வாங்கும் சம்மதம்தான். ஒரு முழ வேலிக்கு மூன்று தலைமுறை வழக்காடிய ஊரிலிருந்து வந்தவன் நான். முன்பின் தெரியாதவர்கள் இரவு பகலாகத் தன் காணிக்குள்ளால் வண்டி ஓட்ட ஒரு மனிதர் சும்மா விடுகிறார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

அதனால்தான் டிரெயிலை விட்டு வெளியே இறங்கக் கூடாது என்று கிளப்புகள் கத்துகின்றன. வெறும் வெள்ளை வெளியாகத் தெரிவதன் கீழே குளிர்காலக் கோதுமை முளைத்து உறங்கிக்கொண்டிருக்கும். டிராக் ஏறி அமுக்கினால் அந்த இடம் வசந்தத்தில் சொட்டையாகும். ஒரு பெடியன் செய்த வேலையால் ஒருவர் கேட்டைப் பூட்டினால், இருபது கிலோமீற்றர் டிரெயில் நடுவில் அறுந்து போகும். சுற்றிப் போக வேறு காணி தேட இரண்டு வருடம் ஆகலாம்.

பாதையைச் சீராக்குவது குரூமர். பல இலட்சம் டொலர் பெறுமதியான, அகன்ற பட்டை பூட்டிய பெரிய இயந்திரம். பின்னால் ஒரு சட்டத்தை இழுத்துக்கொண்டு சைக்கிள் வேகத்தில் போகும். மேடு பள்ளத்தை வெட்டி, பனியைப் புரட்டி, அமுக்கி விடும். இதை இரவில்தான் செய்வார்கள். புரட்டிய பனி மறுபடி இறுகுவதற்குக் குளிரும் சில மணி நேரமும் தேவை. உடனே பத்து வண்டி ஏறினால் போட்ட உழைப்பு வீண். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டிரெயில் கண்ணாடி மாதிரி இருப்பதும், மாலை நான்குக்கு முதுகெலும்பு கழன்று விழுவதுபோல் இருப்பதும் இதனால்தான். சீக்கிரம் எழும்புங்கள், அவ்வளவுதான் இரகசியம்.

உங்களுக்கு நான் சொல்லும் முதல் பாதை அந்தப் பழைய ரயில் பாதைதான், லின்ட்ஸேயிலிருந்து கின்மவுண்ட் வழியாக ஹாலிபேட்டன். நேராகப் போகும், ஏற்ற இறக்கம் குறைவு, வளைவில் திடீரென்று எதிரே வண்டி வராது. அனுபவசாலிகளுக்கு அலுப்பு, பழகுகிறவருக்கு நல்லது. கிளம்பும் முன் கூட்டமைப்பின் இணைய வரைபடத்தைப் பாருங்கள். பச்சை என்றால் திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் மூடியது. சிவப்பில் ஓட்டினால் பெர்மிட் இருந்தாலும் அத்துமீறல்தான். இரண்டாம் வருடம் வடக்கே கொக்ரன், ஹேர்ஸ்ட் பக்கம் போங்கள். ரொறன்ரோவிலிருந்து கொக்ரன் சுமார் 700 கிலோமீற்றர். அங்கே டிரெயில் அகலம், காடு அமைதி, ஒரு மணி நேரம் எதிரே ஒருவரும் வராமல் ஓட்டலாம். காசும் விடுமுறையும் இருந்தால் கியூபெக்கின் மோன் வலான், அல்லது காஸ்பே தீபகற்பத்தைச் சுற்றும் பாதை. அங்கே ஸ்லெட்டிலேயே ஹோட்டல் வாசல்வரை போய் இறங்கலாம்.

சரி, மனைவியின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை.

முதலில் கம்பனிகள். 1970களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஸ்னோமொபைல் செய்தன, வட அமெரிக்காவில் வருடத்துக்கு ஐந்து இலட்சம் அளவில் விற்றன. இன்று விற்பனை அதில் ஒரு சிறு பங்கு. 1968இல் தொடங்கிய யமஹா, 2023இல் இந்தத் தொழிலை விடுவதாக அறிவித்தது. வட அமெரிக்காவுக்கு 2025தான் கடைசி மொடல். ஆர்க்டிக் கட் என்ற ஸ்னோமொபைல் கம்பனியை வைத்திருந்த டெக்ஸ்ட்ரொன் 2024 கடைசியில் உற்பத்தியை நிறுத்தப் போவதாகச் சொல்லி, அடுத்த வருடம் கம்பனியைக் கைமாற்றி விட்டது. உறுதியாக நிற்பவை இரண்டுதான்: ஸ்கிடூவும் லிங்ஸும் செய்யும் பிஆர்பி, அப்புறம் போலாரிஸ். ஆகவே பழைய யமஹா நல்ல விலைக்கு வந்தால் பயப்படாதீர்கள், அதன் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் கெட்டியானது. திரும்ப விற்கும்போது விலை எப்படி இருக்கும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

மின்சார ஸ்லெட்டுக்காகப் பொறுக்க வேண்டாம். மொன்றியலில் தொடங்கிய டைகா என்ற கம்பனி இதில் முன்னோடி, 2024இல் கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது, பிறகு வேறு கைக்கு மாறியது. பிஆர்பி கொண்டுவந்த மின்சார மொடல் ஒரு முறை சார்ஜ் பண்ணினால் போகும் தூரம் 50 கிலோமீற்றர் அளவுதான். சாதாரண சனிக்கிழமை ஒன்றில் நாங்கள் 200 ஓடுகிறோம். குளிரில் பற்றரி இன்னும் சுருங்கும், காட்டுக்குள் செருகுவதற்குப் பிளக் கிடையாது. ஸ்கீ மலைகளில் வேலை செய்கிறவர்களுக்கும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் அது அருமையான வண்டி. சத்தமே இல்லாமல் மான் பக்கத்தால் போகலாம். உங்களுக்கும் எனக்கும் இப்போதைக்கு இல்லை.

உண்மையான பிரச்சினை குளிர். பனி குறைகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் டிரெயிலுக்குப் பனியைவிட முதலில் வேண்டியது தரை உறைவது. பனி ஒரு கம்பளி மாதிரி. சதுப்பு உறையும் முன்பே அதன் மேல் ஒரு மீற்றர் பனி கொட்டினால், கீழே சேறு இளம் சூட்டில் அப்படியே கிடக்கும். பல தொன் எடையுள்ள குரூமர் அதில் இறங்கினால் வெளியே எடுக்க இன்னொரு குரூமர் வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் கிரேவன்ஹேர்ஸ்ட் பக்கம் சில நாட்களுக்குள் ஒரு மீற்றருக்கு மேல் பனி கொட்டியதே, நெடுஞ்சாலையில் வாகனங்கள் மாட்டிக்கொண்டனவே, நினைவிருக்கிறதா? பார்ப்பவர்களுக்கு ஸ்லெட் ஓட்ட அதைவிட நல்ல காலம் உண்டா என்று தோன்றும். கிளப்புக்காரருக்கு அது தலையிடி. டிசம்பரில் பத்து நாள் காய்ந்த கடுங்குளிர், அதன் பின் பனி, இந்த வரிசையில் வர வேண்டும். அந்த வரிசைதான் இப்போது குழம்பிக்கொண்டிருக்கிறது. 2023-24 குளிர்காலத்தில், எல் நினோவும் சேர்ந்து, தெற்கில் பல டிரெயில்கள் திறக்கவே இல்லை. பெர்மிட் காசு கட்டியவர்கள் ஸ்லெட்டைக் கராஜில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

பெர்மிட் காசில்தான் குரூமர் ஓடுகிறது. மோசமான ஒரு வருடம் வந்தால் அடுத்த வருடம் பெர்மிட் வாங்குவோர் குறைவர், சின்னக் கிளப்பால் இயந்திரத்தைத் திருத்த முடியாது, டிரெயிலைச் சுருக்கும். என் கணிப்பில் விளையாட்டு சாகாது, வடக்கே நகரும். ஏஜாக்ஸிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய் ஓட்டிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வருவது அரிதாகிக்கொண்டே போகும். நான்கு நாள் லீவு எடுத்து ஏழு மணி நேரம் வடக்கே ஓட்டிப் போகிறவர்களின் பொழுதுபோக்காக மாறும். அந்தச் செலவையும் நேரத்தையும் மனைவியோடு இப்போதே கதைத்துக்கொள்ளுங்கள்.

இது எங்களுக்குத்தான் பொழுதுபோக்கு என்பதையும் சொல்ல வேண்டும். கியூபெக்கின் வால்கூரில் ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக் இருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய சின்ன மகனுக்குக் குடல்வால் அழற்சி வந்தது. பனி மூடிய சாலையால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்தது. பனியில் ஓடும் வண்டிக்காக அதற்கு முன்பே முயன்றுகொண்டிருந்தவர், 1937இல் டிராக்கைச் சுழற்றும் பல்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். டாக்டர்களையும் தபாலையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிய பெரிய வண்டிகள்தான் முதலில் வந்தன. நாங்கள் ஓட்டும் சின்ன ஸ்கிடூ 1959இல்தான். இன்றைக்கும் கியூபெக்கின் கீழ் வடகரையில், சாலை முடிந்த பிறகு பிளான்-சப்லோன் வரை உள்ள ஊர்களைக் குளிர்காலத்தில் இணைப்பது வெள்ளைப் பாதை என்ற ஸ்னோமொபைல் வழிதான். குளிர் ஏமாற்றும் வருடங்களில் அதன் பகுதிகள் மூடிக் கிடக்கும். எனக்கு அது ஒரு சனிக்கிழமை நட்டம். அங்கே உள்ளவர்களால் அக்காவைப் பார்க்க அடுத்த ஊருக்குப் போக முடியாது.

கடைசியாக, எப்போது வாங்குவது. டிசம்பரில் வேண்டாம், முதல் பனி விழுந்தவுடன் எல்லோருக்கும் ஆசை வந்து விலை ஏறிவிடும். இந்தக் குளிர்காலம் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள், அதில் ஒரு நாளாவது நல்ல குளிரான நாளாக இருக்கட்டும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் ஏப்ரலில் வாங்குங்கள். அதற்கெல்லாம் முன், ஒக்டோபரில் ஹாலிபேட்டன் பக்கக் கிளப்புகள் டிரெயில் ஓரத்துக் கிளைகளை வெட்டவும் அடையாளப் பலகை நடவும் ஆள் தேடும். ஒரு சனிக்கிழமை கைவாளோடு போய் நில்லுங்கள். மத்தியானம் கோப்பி குடிக்கும்போது, யார் வருகிற வசந்தத்தில் ஸ்லெட் மாற்றப் போகிறார், யாருடையது எத்தனை கிலோமீற்றர் ஓடியது, யார் ஒழுங்காக எண்ணெய் மாற்றியவர் என்று எல்லாம் விளம்பரத்துக்கு வரும் முன்பே காதில் விழுந்துவிடும்.